இடுப்பில் சொருகுவதற்கு முன்: டெக்சாஸில் எந்தத் துப்பாக்கி வகுப்புக்குப் போவது?

கேள்வி, 2024 மார்ச் 9

அண்ணே, நான் ஹூஸ்டன் பக்கம் ஷுகர்லேண்டில் இருக்கிறேன். ஜனவரியில் கிரீன் கார்டு வந்தது. மருந்துக்கடை வேலை, இரவு 11 மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுத் தனியாகக் காருக்கு நடக்க வேண்டும். கைத்துப்பாக்கியோடு நடமாட டெக்சாஸ் தரும் லைசன்ஸான எல்.டி.சி. எடுக்கலாம் என்று தேடினால் மூன்று வகுப்பு கண்ணில் படுகிறது. ஆன்லைனில் 45 டாலர், சனிக்கிழமை ஒரு நாள் 95, இரண்டு நாள் வகுப்பு 480. மூன்றிலும் கிடைப்பது ஒரே லைசன்ஸ் கார்டுதானே? அப்புறம் எதற்கு 480? ஊரில் நான் துப்பாக்கியைப் பார்த்ததே பேங்க் வாட்ச்மேன் தோளில்தான்.

மார்ச் 9, இரவு

ஒரே கார்டுதான் தம்பி. சட்டம் கேட்பது 4 முதல் 6 மணி நேரப் பாடம், ஒரு எழுத்துத் தேர்வு, 50 ரவுண்டு சுட்டுக் காட்டுவது, அவ்வளவே. பாடத்தையும் எழுத்துத் தேர்வையும் ஆன்லைனிலேயே முடிக்கலாம், சுடுவதற்கு மட்டும் நேரில் போக வேண்டும். 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. எதிரே பெரிய கறுப்பு ஆள் உருவக் காகிதம். 250-க்கு 175 எடுத்தால் பாஸ். என் வகுப்பில் கண்ணாடியை மறந்துவிட்டு வந்த ஒரு தாத்தா பாஸ் ஆனார்.

ஒன்றைக் கவனியுங்கள். மறைத்து வைத்துக்கொள்ள லைசன்ஸ் தரும் இந்தத் தேர்வில் சட்டையை விலக்கி உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்கச் சொல்லும் கட்டமே கிடையாது. கையில் ஏந்தியபடி நின்று சுட்டால் போதும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டுப் போட்டு லைசன்ஸ் வாங்கியவன் அன்று மாலையே ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்குவது மாதிரி.

அதனால் கார்டுக்கு எது மலிவோ அதில் போங்கள், கற்றுக்கொள்ள வேறு வகுப்பு பாருங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்னாள் போலீஸ், முன்னாள் ராணுவம் என்று பெரிதாக விளம்பரம் போட்டிருந்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். எதற்கும் முதலில் ஆபீஸ் நண்பர்களோடு ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்குப் போய், வாடகைத் துப்பாக்கியில் ஒரு பெட்டித் தோட்டா சுட்டுப் பாருங்கள், யார் வேண்டுமானாலும் போகலாம்.

மார்ச் 10, காலை

நேற்று கடைசியில் எழுதிய ‘யார் வேண்டுமானாலும் போகலாம்’ என்பதை அடித்துவிடுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு எழுதினால் இப்படித்தான். நீங்கள் கிரீன் கார்டு, உங்களுக்குத் தடையில்லை. எச்1பி, எஃப்1 என்று விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதையே மத்திய அரசுச் சட்டம் 1998-லிருந்து தடுக்கிறது. ‘வைத்திருப்பது’ என்றால் சொந்தமாக வாங்குவது மட்டுமில்லை, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துப் பத்து நிமிடம் கையில் பிடிப்பதும் அதில்தான் வரும். செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, இன்னும் ஓரிரண்டு விலக்குகளும் உண்டு. ஆனால் டீம் அவுட்டிங் என்று மேனேஜர் கூப்பிட்டார், ஒரு போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போட்டேன் என்பதெல்லாம் விலக்கில் வராது. கிரீன் கார்டு வரிசையில் பத்து வருஷமாக நிற்பவர் இதற்காக வழக்கில் மாட்டுவது மாதிரி வயிற்றெரிச்சல் வேறில்லை. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போங்கள், என்னை நம்பிப் போக வேண்டாம்.

மார்ச் 10, மாலை

“டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1-லிருந்து லைசன்ஸே வேண்டாமே, வகுப்பு எதற்கு?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 21 வயது ஆகி, சட்டத்தடை எதுவும் இல்லாதவர் லைசன்ஸ் இல்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாம் என்பது உண்மைதான்.

ஆனால் பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறீர்கள் இல்லையா? பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்த மாநில லைசன்ஸ் இருப்பவருக்குத்தான் விலக்கு. இல்லையென்றால் தோட்டாவை எடுத்துவிட்டுப் பெட்டியில் பூட்டி வைத்திருக்க வேண்டும். 1990-ல் வந்த சட்டம். சான் அன்டோனியோவில் ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ரிவால்வரோடு பள்ளிக்குப் போய் மாட்டி, அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1995-ல் சட்டமே அடிபட்டது. அடுத்த வருஷமே அமெரிக்கக் காங்கிரஸ் வாசகத்தை மாற்றித் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. ஷுகர்லேண்டிலும் கேட்டியிலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் 1000 அடிக்குள் ஒரு பள்ளி இருக்கிறது.

அப்புறம் பக்கத்து மாநிலங்கள். நியூ மெக்சிகோவில் நம் கார்டு செல்லும், கார்டு இல்லாமல் தோட்டாவோடு மறைத்து வைத்து நடந்தால் குற்றம். கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய்ஸ் பக்கமெல்லாம் நம் கார்டு வெறும் பிளாஸ்டிக். விண்ணப்பக் கட்டணம் இப்போது 40 டாலர்தான், 2017-க்கு முன்னால் 140. ஒரு குடும்பம் தோசை சாப்பிடும் காசு.

மார்ச் 13

என் முதல் வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன், அதைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு புலம்புகிறேன் என்று புரியும்.

2018. ஒரு கடை வரிசையின் பின்னறை, 22 பேர், மடக்கு நாற்காலி. பயிற்சியாளர் வந்ததும் தன் இடுப்பிலிருந்து பிஸ்டலை எடுத்து, “இது காலி, பயப்படாதீங்க” என்று சொல்லிக்கொண்டே இடமிருந்து வலமாக எங்கள் எல்லோர் மேலும் முனையை ஒரு சுற்று காட்டிவிட்டு மேசைமேல் வைத்தார். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. வாத்தியார் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று உட்கார்ந்திருக்கிறோம், நம்ம ஊர் வளர்ப்பு. அடுத்த ஸ்லைடிலேயே கைத்துப்பாக்கிப் பயிற்சியின் முன்னோடி ஜெஃப் கூப்பரின் நாலு பாதுகாப்பு விதிகள் வந்தன: எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் நிரம்பியதே, அழிக்கத் தயாராக இல்லாத எதன்மேலும் முனையைக் காட்டாதே, குறி பார்க்கும் வரை டிரிகரில் விரல் கூடாது, இலக்கு எது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். இரண்டு விதியை அவர் ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் மீறியிருந்தார்.

மிச்ச நேரமெல்லாம் கதை. தான் துரத்திப் பிடித்த திருடர்கள், தன்னிடம் வாலாட்டியவர்கள். உச்சமாக ஒன்று சொன்னார்: வாசலில் எவனையாவது சுட்டுவிட்டால் உள்ளே இழுத்துப் போட்டுவிடுங்கள், வீட்டுக்குள் நுழைந்தவன் என்றால் கேஸ் நிக்காது என்று. அறையே சிரித்தது. எனக்கே அன்று அது பெரிய சூட்சுமமாகத் தெரிந்தது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அது தடயத்தை அழிக்கும் குற்றம், நியாயமான தற்காப்பைக்கூடக் கொலை வழக்காக்கிவிடும் யோசனை. இந்த வாக்கியம் எந்த வகுப்பில் காதில் விழுந்தாலும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள், பணம் போனால் போகட்டும்.

நான் 241 எடுத்துப் பாஸ் ஆனேன். வரும் வழியில் அந்தக் காகிதத்தைச் சுருட்டிப் பின் சீட்டில் வைத்து வந்து மனைவியிடம் காட்டினேன். “இதுல யாராவது திருப்பிச் சுட்டாங்களா?” என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மார்ச் 14

‘கன்சீல்டு கேரி’ என்பதற்குத் தமிழ் கேட்டிருக்கிறார் ஒருவர். ‘மறைத்துச் சுமத்தல்’ என்றால் கஞ்சா கேஸ் மாதிரி இருக்கிறது. நான் இடுப்பில் சொருகுவது என்றுதான் சொல்கிறேன். அருவாளுக்குப் பொருந்திய சொல் இதற்குப் பொருந்தாதா?

மார்ச் 17

முன்னாள் போலீஸ் என்றால் தள்ளி நில் என்று 9-ம் தேதி எழுதியதை இன்று மாற்றிக்கொள்கிறேன். ஒருவரை வைத்து எல்லோருக்கும் முத்திரை குத்திவிட்டேன். எனக்கு இன்றுவரை வாய்த்த நல்ல ஆசிரியர் ஓய்வுபெற்ற ஒரு போலீஸ் அம்மாதான். அறுபது வயது, நம் பாட்டி உயரம். வேலையில் இருந்த காலத்துக் கதையை இரண்டு நாளில் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. நான் சொல்ல வந்தது இதுதான்: போலீஸ்காரருக்கு உறை வெளியே தெரியும், துணைக்கு ஆள் வரும், போய்ப் பிடிக்க வேண்டியது அவர் வேலை. உங்களுக்கு விலகி ஓடுவதுதான் வேலை. அந்த வித்தியாசம் தெரிந்த போலீஸ்காரர் என்றால் தாராளமாகப் போங்கள்.

அந்த அம்மாவின் வகுப்பில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஜூலை மாதம், வெட்டவெளி ரேஞ்ச், வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் காலர் இல்லாத, கழுத்து அகலமான பனியன் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். தோட்டா அடுக்கிச் செருகும் மூன்றாவது மேகசினில், துப்பாக்கி வெளியே துப்பும் காலி ஓடு ஒன்று பறந்து வந்து கழுத்து வழியாக உள்ளே இறங்கி நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. கொதிக்கும் எண்ணெய்த் துளி மாதிரி சுடும். நான் என்ன செய்தேன்? இடது கையால் பனியனை உதறிக்கொண்டே உடம்பை வலப்பக்கம் திருப்பினேன். வலது கையில் துப்பாக்கி, விரல் எங்கே இருந்தது என்று சத்தியமாகத் தெரியாது, வலப்பக்கம் ஆறு பேர்.

முனை திரும்பவில்லை, ஏனென்றால் என் மணிக்கட்டு ஏற்கெனவே அந்த அம்மாவின் பிடியில் இருந்தது. எப்போது பின்னால் வந்து நின்றார் என்றே தெரியாது. கத்தவில்லை. “சுடட்டும். முனை முன்னால். விரல் வெளியே. இப்போ கீழே வை. இப்போ உதறு.” அவ்வளவுதான். உதறினேன், ஓடு விழுந்தது, நெஞ்சில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு. அதன் பிறகு எல்லோரையும் கூப்பிட்டு என்னைத் திட்டாமல், பெயரும் சொல்லாமல், ஓடு விழுந்தால் என்ன செய்வது என்று வெறும் துப்பாக்கியோடு ஐந்து முறை செய்ய வைத்தார். சாப்பாட்டு வேளையில் தனியாக வந்து, நாளைக்குக் காலர் வைத்த சட்டையும் தொப்பியும் போட்டு வா என்றார்.

முதல் வகுப்பு வாத்தியார் அங்கே இருந்திருந்தால்? சுவரில் சாய்ந்து கதை சொல்லிக்கொண்டிருப்பார். எனவே 480-க்கும் 95-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், சுடும் இடத்தில் எத்தனை மாணவருக்கு ஒரு பயிற்சியாளர் நிற்கிறார் என்று போன் போட்டுக் கேளுங்கள். அங்கே எங்கள் பன்னிரண்டு பேருக்கு மூன்று பேர் நின்றார்கள். முதல் வகுப்பில் 22 பேருக்கு ஒருவர்.

மார்ச் 18

இரண்டு நாளில் என்னதான் செய்வார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பாதி நேரம் சுடவே இல்லை. உறையிலிருந்து எடுப்பது, அதைவிட முக்கியமாகத் திரும்ப உறைக்குள் வைப்பது. எடுக்கும்போது வேகம் வேண்டும், வைக்கும்போது அவசரமே கூடாது, சட்டை நுனி டிரிகரில் மாட்டித் தொடையில் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. பல உள்ளரங்க ரேஞ்சுகளில் உறையிலிருந்து எடுக்கவே விடமாட்டார்கள், அதனால் வகுப்பு எங்கே நடக்கிறது என்பதையும் கேளுங்கள். நான் துணி உறை ஒன்றை மலிவாக வாங்கிப் போயிருந்தேன், துப்பாக்கியை எடுத்ததும் சுருங்கிப் படுத்துக்கொண்டது. அந்த அம்மா பார்த்துவிட்டு, இது சாக்ஸ், உறை இல்லை என்றார். டிரிகரை முழுக்க மூடும் கெட்டியான உறையும் தொய்யாத பெல்ட்டும் வேண்டும்.

அப்புறம் டம்மி ரவுண்டு. நமக்குத் தெரியாமல் மேகசினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே போலித் தோட்டா ஒன்றைச் செருகிவிடுவார்கள். டிரிகரை அழுத்தினால் ‘டிக்’ என்று மட்டும் கேட்கும், வெடிக்காது. வெடிக்காத துப்பாக்கியின் முனை எனக்குக் கோயில் யானை தலையாட்டுவது மாதிரி கீழே இறங்கி ஏறியது. 241 எடுத்த கை அது. சத்தத்தை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே குனிகிறது, நிஜத் தோட்டாவின் அதிர்வில் இது தெரியாமல் போய்விடும். காலேஜில் என்.சி.சி.யில் .22 ரைஃபிளைப் படுத்துக்கொண்டு சுட்டவன் என்ற கர்வம் அந்த ‘டிக்’கோடு போயிற்று.

மார்ச் 24

சட்டப் பாடத்தைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. இராத்திரியில் சொத்தைக் காப்பாற்ற உயிர்போகும் பலத்தைப் பயன்படுத்தலாம் என்று டெக்சாஸ் தண்டனைச் சட்டம் 9.42-ல் இருக்கிறது. இதை மட்டும் பாதியாகச் சொல்லிச் சிரிக்க வைக்கும் வகுப்புகள் நிறைய. பிரிவுக்குள் நிபந்தனை மேல் நிபந்தனை இருக்கிறது, ஒரு டிவிக்காக ஒருவனைச் சுட்டுவிட்டு அந்த நிபந்தனைகளைப் பற்றி ஜூரி முன்னால் வாதாட வக்கீலுக்குக் கொடுக்கும் காசில் ஒரு கடை டிவி வாங்கலாம். நல்ல வகுப்பில் ஒரு வக்கீல் வந்து ஒரு மணி நேரம் பேசினார்: அவசர உதவி எண் 911-க்கு என்ன சொல்வது, போலீஸ் வரும்போது கை எங்கே இருக்க வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்வது. இன்னொன்று, 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கையில் நம் கவனக்குறைவால் நிரம்பிய துப்பாக்கி கிடைத்தால் நமக்குத்தான் கேஸ். வீட்டில் சிறுசுகள் இருந்தால் துப்பாக்கிக்கு முன்னால் பெட்டகம் வாங்குங்கள்.

ஏப்ரல் 2

கோயிலுக்குக் கொண்டு போகலாமா என்று மூன்று பேர் தனியாக எழுதிவிட்டார்கள். வழிபாட்டு இடம் என்பதற்காக மட்டும் தடையில்லை, 2019-ல் அதைத் தெளிவாக்கிவிட்டார்கள். வாசலில் 30.06, 30.07 போன்ற தண்டனைச் சட்டப் பிரிவு எண்ணோடு அறிவிப்புப் பலகை இருந்தால் கூடாது. அந்தப் பலகைகளைப் படிக்கச் சொல்லித் தராத வகுப்பு வகுப்பே இல்லை.

சட்டம் கிடக்கட்டும். வேட்டியில் எப்படி? நானே ஒரு முறை வீட்டில் கண்ணாடி முன்னால் முயன்று பார்த்தேன், பச்சை பெல்ட்டில் செருகினால் வேட்டியும் இறங்குகிறது, பிஸ்டலும் இறங்குகிறது. முன்பக்கம் வைத்துக்கொண்டு சாஷ்டாங்கமாக விழ முடியுமா? நான் காரிலேயே பூட்டிவிட்டுப் போய்விடுவேன்.

ஏப்ரல் 3

‘காரில் பூட்டிவிட்டு’ என்றதைப் பிடித்துக்கொண்டார்கள், சரிதான். டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுக் கதவைப் பூட்டுவது பூட்டுவதாகாது, திருடன் முதலில் திறப்பதே அதைத்தான். சீட்டின் அடிக்கம்பியில் கேபிள் போட்டுக் கட்டிய சிறு இரும்புப் பெட்டி. செருப்பே திரும்பக் கிடைக்குமா என்று தெரியாத இடத்தில் துப்பாக்கியை நம்பிக்கையில் விடக் கூடாது.

ஏப்ரல் 20

மனைவியும் வகுப்புக்குப் போகிறேன் என்றாள். நான் பெரிய மனுஷன் மாதிரி, உனக்குச் சின்னக் கை, சின்னத் துப்பாக்கி என்று உள்ளங்கை அளவு .380 பிஸ்டல் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். தப்பு. துப்பாக்கி சின்னதாக ஆக ஆகக் கையை உதைக்கும், ஸ்லைடு என்கிற அதன் நகரும் மேல்பாகத்தை இழுக்கவும் முடியவில்லை. இரண்டாவது பெட்டியோடு கை வீங்கி வந்தாள். போலீஸ் அம்மா தன் முழு அளவு 9 எம்எம் பிஸ்டலைக் கொடுத்து, ஸ்லைடைப் பின்னால் இழுக்காதே, அதைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முன்னால் தள்ளு என்றாராம், ஒரே தள்ளில் வந்துவிட்டது. வாங்கிவிட்டு வகுப்புக்குப் போகாதீர்கள், வாடகைக்கோ இரவலுக்கோ நாலைந்து வகை தரும் வகுப்பில் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்த .380 இன்னும் என் பெட்டகத்தில் கிடக்கிறது, என் புத்திசாலித்தனத்துக்கு நினைவுச் சின்னமாக.

அவள் என்னைவிட நன்றாகச் சுட்டாள். ஆனால் முடித்துவிட்டு, தினமும் சுமக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்த இரண்டு நாளில் அவளுக்குப் பிடித்தது கடைசி ஒரு மணி நேரம் நடந்த ரத்தப்போக்கை நிறுத்தும் பாடம்தானாம். இப்போது கைப்பையில் டூர்னிகெட் இருக்கிறது, ரத்தம் நிற்க இறுக்கிக் கட்டும் பட்டை. கார் விபத்துக்கும் ஆகும், காய்கறி வெட்டும் விபத்துக்கும் ஆகும் என்கிறாள். பல ஊர்களில் மருத்துவமனைகளே அதை இலவசமாகக் கற்றுத் தருகின்றன. வரிசை எப்படி என்று இன்று என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் வைப்பேன், மார்ச் 9-ம் தேதி கேட்டிருந்தால் அது என் நினைவுக்கே வந்திருக்காது.

மே 5

நியூயார்க்கிலிருந்து ஒரு சகோதரி, “எங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் பேச்சே இல்லை, 16 மணி நேரப் பாடம், 2 மணி நேரம் சுடுவது, கட்டாயம்” என்கிறார். 2022-ல் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தை அடித்த பிறகு வந்த விதி அது. மணி நேரம் கூடினால் தரம் கூடிவிடும் என்று நினைக்காதீர்கள், 16 மணி நேரமும் கதை சொல்ல ஆள் இருக்கிறார். அங்கேயும் அதே போனைப் போட்டு அதே கேள்வியைக் கேளுங்கள்.

மே 26

ஷுகர்லேண்ட் தம்பி திரும்பி வந்துவிட்டார். ஆன்லைன் பாடம், நேரில் 50 ரவுண்டு, 228 எடுத்துவிட்டாராம். கைரேகையும் கொடுத்தாயிற்று. கடை மூடும்போது இன்னொருவரையும் கூட இருக்கச் சொல்லி மேனேஜரிடம் பேசிவிட்டேன், விளக்கடியில் கார் நிறுத்துகிறேன், துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அவசரமே இல்லை தம்பி.

ஜூன் 8, 9 போலீஸ் அம்மா வகுப்பில் இரண்டு இடம் காலியாம், துப்பாக்கி இரவல் தருவார். டம்மி ரவுண்டில் யானை இன்னும் தலையாட்டுகிறதா என்று பார்க்க நானும் வருகிறேன். காலை ஏழரைக்கு வாசலில் நில்லுங்கள், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், காலர் வைத்த சட்டை, மேல் பட்டன் வரை போட்டது. தொப்பி என்னிடம் இரண்டு இருக்கிறது.